ஓட்டியவர் பெயர்

"உங்க பேர்ல நோ-கிளெய்ம் போனஸ்னு எதுவும் இல்லையே மேடம்."

கவுண்டரில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடக் கையை மணியின் மேல் கொண்டுபோனாள். ஐஸ்பெட்டி அக்கா அந்தக் கைக்கும் மணிக்கும் நடுவே தன் கைப்பையை வைத்தாள்.

"சரியாப் பாரும்மா. பத்து வருஷமா ஒரு கிளெய்ம் கிடையாது. ஒரு கீறலுக்குக்கூட உங்க ஆபீஸ் படி ஏறினதில்லை."

"வண்டிக்குக் கிளெய்ம் இல்லைதான். ஆனா பாலிசி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அதனால போனஸும் அவரோடதுதான்."

ஆஸ்பத்திரிகளில் அவளுக்கு ஐஸ்பெட்டி அக்கா என்றுதான் பெயர். ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்காக நாளைக்குப் பதினொரு இடங்களில் ரத்தக் குழாய்களை வாங்கி, பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, ஐஸ் கரைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. சொந்த வண்டி இருக்க வேண்டும், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் பேரில் விபத்து பதிவாகியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் லேப் மேடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள்.

பாலிசி முடிய ஒன்பது நாள் இருந்தது. வேறொரு கம்பெனியில் விலை குறைவு என்று கேள்விப்பட்டு அங்கே போயிருந்தாள். பழைய இடத்தில் கிளெய்ம் இல்லை என்று ஒரு லெட்டர் வாங்கி வாருங்கள், பாதி கட்டினால் போதும் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த லெட்டருக்காகத்தான் வேலைக்கு நடுவே ஓடிவந்து, டோக்கன் எடுத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தாள்.

"ஓட்டினது நான்மா. அவர் ஓட்டவே மாட்டார்."

"யார் ஓட்டினாங்கன்னு பார்க்கறதில்லை மேடம். போனஸ் வண்டிக்கும் கிடையாது, ஓட்டறவங்களுக்கும் கிடையாது. பாலிசி யார் பேர்லயோ அவங்களுக்கு. வண்டியை வித்தாலும், யாருக்காவது கொடுத்தாலும், போனஸ் மட்டும் அவங்ககூடவே போயிடும். அடுத்த வண்டிக்கு வச்சுக்கலாம். கம்பெனி மாத்தினாலும் லெட்டரைக் காட்டினா அங்கயும் செல்லும்."

"அப்ப எனக்கு?"

"நீங்க முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்த வருஷம் முழுசாக் கட்டுங்க. கிளெய்ம் இல்லாம ஓட்டினீங்கன்னா அடுத்த வருஷம் கொஞ்சம் குறையும். பாதி குறைய அஞ்சாறு வருஷம் ஆகும்." கீபோர்டைத் தட்டியவள், சொல்லலாமா என்று யோசிக்காமலே அடுத்ததையும் சொன்னாள். "அவர் ஏற்கெனவே லெட்டர் வாங்கிட்டாரே. போன செவ்வாய்க்கிழமை. புது வண்டிக்கு."

அக்கா கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அந்த லெட்டர் எப்படி இருக்கும்னு காட்டும்மா, பார்க்கிறேன்" என்றாள். அந்தப் பெண் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி ஓடியது. பாலிசி முடியும் நாள் வரை கிளெய்ம் எதுவும் வந்தால் இந்த லெட்டர் செல்லாது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

அவள் கணவன் ஒரு மரச்சாமான் கடையில் மேனேஜர். வீட்டிலும் மேனேஜர்தான். ஆறு வாரத்துக்கு முன் அவன் அதே கடையில் கணக்கு பார்க்கிற பெண்ணோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். போகிறபோது இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூட்டி உட்காரவைத்து, "வண்டியை அவளே வச்சுக்கட்டும். எனக்கு எதுவும் வேண்டாம்" என்றான். எவ்வளவு பெரிய மனசு என்று அவன் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கேகூட அன்றைக்கு ஒரு நிமிடம், சரி, இந்த மட்டும் மனுஷன்தான் என்று தோன்றியது. இப்போது அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மேனேஜருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் பர்ஸில் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும், அவ்வளவுதான். பத்து வருஷமும் அக்கா ஓட்டினாள், அவன் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே சைக்கிள் வந்தாலும் வெறும் தரையில் பிரேக் மிதித்தான். அவன் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மேட் ஓட்டையாகி, இரண்டு முறை மாற்றினார்கள். ஆனால் விருந்தாளி வந்தால், "பத்து வருஷம். நம்ம வண்டியில ஒரு கிளெய்ம் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான். அக்கா டீ கொண்டுவந்து வைப்பாள்.

ஐந்தாம் வருஷ மழையில் ஒரு சரக்கு வண்டி அவள் பக்கத்துக் கதவை உரசிக்கொண்டு நிற்காமல் போய்விட்டது. ஸ்டியரிங்கில் திருகி அவள் மணிக்கட்டு வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மேனேஜர் முதலில் கேட்டது, "கம்பெனிக்குப் போன் பண்ணிட்டியா?" இல்லை என்றாள். "நல்லவேளை. போனஸ் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தான். கதவை அவள் தம்பி தட்டி நிமிர்த்தினான். கையில் கட்டோடு அவள் ஒரு மாதம் ஐஸ் பெட்டி சுமந்தாள். வலித்தபோதெல்லாம் போனஸைக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டாள். நம் போனஸ் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

அன்றைக்குச் சாயங்காலம் நேரே தம்பியின் பட்டறைக்குப் போனாள். தம்பி டிங்கர் வேலை செய்கிறவன். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்டுக்குத் தயார் செய்வான். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரை இன்னும் சூடு இறங்கவில்லை. அவன் ஒரு பானெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் மரக்கட்டையைக் கொடுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஒரு தூக்கில் டீயும், பொட்டலத்தில் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

அக்கா சொல்லி முடிக்கிற வரைக்கும் தம்பி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. பிறகு வைத்தான்.

"அப்ப வண்டியைக் கொடுத்தேன் கொடுத்தேன்னு சொன்னது?"

"பத்து வருஷத்து வண்டிடா. வித்தா என்ன கிடைக்கும்? அவர் எடுத்துட்டுப் போனதுதான் பெருசு. புது வண்டிக்குப் பாதி பிரீமியம். வருஷா வருஷம்."

"வாயில நல்லா வருது, பொம்பளைங்க இருக்கீங்கன்னு பார்க்கறேன்."

"எங்களுக்கும் வருது. சொல்லுங்க, கேட்கிறோம்" என்றாள் அவன் மனைவி. அக்காவிடம் முட்டையை நீட்டினாள். "சாப்பிடுங்க அண்ணி. வெறும் வயித்துல கோபப்பட்டா தலைவலிதான் வரும்."

அக்கா அந்த எறும்பு வரியைச் சொன்னாள். முடிகிற நாள் வரைக்கும் ஒரு கிளெய்ம் வந்தாலும் லெட்டர் செல்லாது. ஒன்பது நாள் பாக்கி.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானே? சாவியைக் கொடு. அந்தக் கேட்டுத் தூணில ஒரு இடி. பம்பர், லைட்டு, முழுசும் நான் பார்த்துக்கறேன். நீயே ரிவர்ஸ் எடுத்த மாதிரி..."

"மாட்டேன்."

"ஏங்கா? பாவமா இருக்கா?"

"பாவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. பத்து வருஷமா எங்கயும் இடிக்காத கைடா இது. அந்த ஆளுக்காக நான் ஏன் இதைக் கெடுத்துக்கணும்? அதுவும் பொய்யா இடிச்சுட்டு நிஜம்னு சொன்னா, நாளைக்கு மாட்டறது நான். அவர் சிரிப்பார்."

தம்பி மனைவி டீயை ஊற்றிக்கொண்டே, "ஏன், வண்டியில ஏற்கெனவே ஒரு இடி இருக்கே" என்றாள். "பின்பக்கம் கம்பி போட்டுக் கட்டியிருக்கீங்களே, அது?"

மூவரும் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்கள். பின்பக்கத்து இடது லைட் உடைந்து, பம்பர் ஒரு ஓரம் தொங்கி, தம்பி போட்ட கம்பியில் நின்றுகொண்டிருந்தது.

அது மேனேஜர் வேலை. வீட்டை விட்டுப் போவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கீழே பார்க்கிங்கில் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கணக்குப் பெண்ணுக்கு ஓட்டிக் காட்டப் பழகிப் பார்த்தானோ என்னவோ. ஐந்து நிமிடத்தில் தூணில் இடிக்கிற சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. பார்க்கிங்கில் வேறு யாரும் இல்லை. இறங்கி வந்தவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, "யார் கிட்டயும் சொல்லாதே."

பதறிப்போய் ஏஜண்டுக்குப் போன் செய்து அன்றைக்கே கிளெய்ம் படிவம் வரவழைத்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் நிரப்பினான். தேதி, இடம், நேரம். 'ஓட்டியவர் பெயர்' என்கிற இடத்தில் அக்கா பெயரை எழுதி, பக்கத்தில் 'மனைவி' என்று போட்டான். கீழே தன் கையெழுத்து.

"நானா ஓட்டினேன்?" என்று அக்கா கேட்டாள்.

"மேனேஜர் போய்த் தூணில இடிச்சான்னு நாலு பேர் சிரிக்கணுமா? யார் பேர் எழுதினா என்ன, குடும்பம்தானே."

இரண்டு நாள் கழித்து, கிளெய்ம் வேண்டாம், போனஸ் போய்விடும் என்று படிவத்தை டாஷ்போர்டுக்குள் செருகிவிட்டான். பக்கத்து வீட்டில், மாடியில், கடையில் எல்லாம், வீட்டம்மா ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவைத்தான்.

அந்தப் படிவம் அங்கேயேதான் இருந்தது. டயர் காற்று ரசீதுக்கும், தீர்ந்துபோன டார்ச்சுக்கும் அடியில். தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. கையெழுத்து அவனோடது. இடி நிஜ இடி. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா லெட்டர் காலி." பிறகு அந்த வரியில் விரலை வைத்தான். "ஆனா இதுல உன் பேரு இருக்கே. நீ இடிச்சதா ஏறிடும். லேப்ல விடுவாங்களா? அடிச்சு அவன் பேரை எழுது."

"அடிச்சா செல்லாதுடா. திருத்தின இடத்துல அவர் கையெழுத்துப் போடணும். போடுவாரா?"

"அப்ப விட்டுடு. உன் சோத்துல நீயே ஏன் மண்ணை அள்ளிப் போட்டுக்கணும்?"

அக்கா முட்டையை இரண்டாகப் பிட்டு, பாதியைத் தம்பி மனைவிக்குக் கொடுத்தாள். மஞ்சள் கருவை நிதானமாகச் சாப்பிட்டாள். "என் பேர் கெட்டா கெடட்டும். அவருக்கு அது கிடைக்கக் கூடாது" என்றாள். தம்பி படிவத்தை அவள் கையில் கொடுத்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பதினொரு இடத்தையும் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனாள். அதே பெண். படிவத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"நீங்க ஓட்டினப்பவா மேடம் இது நடந்தது?"

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"உங்க பேர்."

"எழுதினவர் கையெழுத்து கீழ இருக்கு. எதுவானாலும் அவரைக் கேட்டுக்கோங்க. கொண்டுவந்து கொடுக்கறதுதான் நான். பாலிசியில ரெண்டாவது ஓட்டுநர்னு என் பேர் இருக்கில்ல, கொடுக்கலாமில்ல?"

"தாராளமாக் கொடுக்கலாம்" என்று முத்திரை குத்தினாள் அந்தப் பெண். குத்திவிட்டு ஆறுதலாகச் சொன்னாள். "பரவாயில்லை மேடம். பத்து வருஷத்துல ஒரு தடவைதானே. பொம்பளைங்கன்னா ரிவர்ஸ்ல கொஞ்சம் அப்படித்தான்."

அக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. நான் இடிக்கலை என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விழுங்கிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து படம் எடுத்தார். தம்பியின் பட்டறையிலேயே புது பம்பரும் லைட்டும் போட்டார்கள், கம்பெனி பட்டறைக்குப் பணம் அனுப்பியது. பாலிசி முடிந்தது. வேறு கம்பெனியில் அக்கா முழு பிரீமியமும் கட்டித் தன் பேரில் பாலிசி எடுத்தாள். அதற்கு அவள் வளையல் போனது. புதுக் கம்பெனி வழக்கப்படி பழைய கம்பெனியிடம் விசாரித்தது, பழைய கம்பெனி உள்ளதைச் சொன்னது. விஷயம் லேபுக்கும் போனது.

லேப் மேடம் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னாள். "உங்க பேர்ல ஒரு விபத்து ஏறியிருக்கு. எனக்கு உங்களைத் தெரியும். ஆனா மேல இருக்கறவங்க பேப்பரைத்தான் பார்ப்பாங்க. இது சரியாகிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

ஐஸ் பெட்டி வீட்டுக்கு வந்து சமையலறை மூலையில் மூடி திறந்தபடி கிடந்தது. அக்கா பகலெல்லாம் வீட்டில் இருந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள், அரிசி டப்பாவைக் கொட்டிப் புடைத்தாள். எதற்கு இந்த வேலை பார்த்தோம் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மேனேஜருக்கு எப்போது தெரியும் என்பதற்காகத்தான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?" போனில் அவன் குரல் கிறீச்சென்று ஏறியது. "பாதி கட்டினது செல்லாதாம், மீதியும் கட்டுன்னு கேட்கறாங்க! பத்து வருஷத்து போனஸ்! சுத்தமா சைபராம்!"

"அப்படியா."

"நான் கொடுக்கச் சொன்னேனா அந்த ஃபாரத்தை? திருட்டுத்தனமாக் கொடுத்திருக்கே. கேஸ் போடறேன் பாரு. கம்பெனியில கம்ப்ளெய்ண்ட் எழுதிக் கொடுத்து உன்னை உள்ள தள்ளலை, என் பேரை மாத்திக்கறேன்."

"செய்ங்க" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டுத் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பல நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.

அவன் சொன்னபடியே புகார் கொடுத்தான். அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் வர வேண்டும் என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. தம்பி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தான்.

"உள்ள போய் என்னக்கா சொல்லப்போற? அவன்தான் இடிச்சான்னு சொன்னா, இல்லைம்பான். சாட்சி கிடையாது."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"பின்ன?"

"பேசத் துடிச்சுக்கிட்டு வர்றவர் அவர். பேசட்டும்."

அப்படிச் சொன்னாளே தவிர, அவளுக்கும் நிச்சயம் இல்லை. இவள்தான் ஓட்டினாள் என்று அவன் ஒரே பிடியாக நின்றால் தீர்ந்தது. லேப் வேலை திரும்ப வராது. பழிவாங்கினோம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பு எரியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தாள்.

விசாரணை அதிகாரிக்குச் சளி. மேஜையில் கைக்குட்டை, வெந்நீர் பாட்டில், நடுவில் அந்தப் படிவம். தனி அறையெல்லாம் இல்லை. கவுண்டர் வரிசைக்குப் பின்னால் இடுப்பு உயரத் தடுப்பு, அவ்வளவுதான். டோக்கனோடு காத்திருந்த இருபது முப்பது பேருக்குப் பொழுதுபோகவில்லை. மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, அக்காவைப் பார்க்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இது உங்க கையெழுத்தா சார்?" அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"என்னோடதுதான். ஆனா கொடுக்கச் சொல்லலை. இது பொய்க் கிளெய்ம் சார். கேன்சல் பண்ணுங்க. என் போனஸை எனக்குத் திருப்பிக் கொடுங்க."

"பொய்யா? வண்டி இடிபட்டது நிஜம்தானே? சர்வேயர் பார்த்திருக்காரு, பணம் போயிருக்கு."

"இடிபட்டது நிஜம். ஆனா..." மேனேஜர் படிவத்தை எட்டிப் பார்த்தான். அவன் கண் ஒரு இடத்தில் நின்றது. பொறி தட்டியதுபோல நிமிர்ந்தான். "சார், ஓட்டியவர் பேரு தப்பா இருந்தா ஃபாரமே செல்லாதில்ல?"

"தப்பா இருக்கா?" அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க ஓட்டினீங்களா இல்லையா?"

அக்கா மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எழுதினவர் இங்கதான் இருக்கார் சார். அவரையே கேளுங்க. அவர் என்ன சொல்றாரோ, அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார். "அப்ப நீங்க ஓட்டினதாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. பைலை மூடிடலாம்."

அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

"சார், சார், நிறுத்துங்க!" மேனேஜர் எழுந்தே விட்டான். "அவ ஓட்டலை! ஃபாரம் தப்பு! அவ அன்னிக்கு மேல துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா!"

"பின்ன யார் ஓட்டினது?"

"நான்தான் சார்! நான்தான் ரிவர்ஸ்ல போய்த் தூணில இடிச்சேன்!"

கவுண்டர் வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலையும் திரும்பின. மணியடிக்கப் போன கவுண்டர் பெண்ணின் கை அப்படியே நின்றது. மேனேஜருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பிடி கிடைத்துவிட்ட வேகத்தில் குரலை இன்னும் உயர்த்தினான்.

"இவ எங்க சார் இடிப்பா? பத்து வருஷமா இந்த வண்டியை ஓட்டறது இவதான். மழையில, கூட்டத்துல, சந்து பொந்துல எல்லாம் ஓட்டியிருக்கா. ஒரு இடத்துல ஒரு கீறல் போட்டதில்லை! கேட்டுப் பாருங்க யாரை வேணும்னாலும்! நான் தொட்டது ஒரே ஒரு நாள். அன்னிக்குத்தான் இடிச்சுது. அப்ப இந்த ஃபாரம் பொய்தானே? பொய்யின்னா கேன்சல்தானே?"

அதிகாரி பெரிதாக ஒரு தும்மல் போட்டார். கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"உட்காருங்க சார். யார் ஓட்டினாங்கன்னு போனஸ் பார்க்காது. பாலிசி உங்களோடது, வண்டி இடிபட்டது நிஜம், கையெழுத்து உங்களோடது. நீங்க ஓட்டினாலும் கிளெய்ம் கிளெய்ம்தான். அது நிக்கும். போனஸ் போனது போனதுதான்."

மேனேஜர் உட்கார்ந்தான். அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்ப வேற ஒரு சிக்கல். தெரிஞ்சே இன்னொருத்தர் பேரை எழுதியிருக்கீங்க. இப்படியே விட்டா பொய்த் தகவல் கொடுத்தவர்னு உங்க பேர் ஏறும். புது வண்டிக்கு எந்தக் கம்பெனியும் உங்களை வாசல்படி ஏற விடாது. உங்க கையாலயே திருத்தி எழுதிக் கொடுத்துடுங்க. அதுதான் உங்களுக்கு நல்லது."

"என்ன எழுதணும்?"

"இப்ப சொன்னீங்களே, அதையே."

அக்கா மூடி கழற்றிய பேனாவை மேஜைமேல் அவன் பக்கமாக உருட்டிவிட்டாள். "சார்" என்றாள் அதிகாரியிடம், "பத்து வருஷமா யார் ஓட்டினாங்கங்கறதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. மழையில, கூட்டத்துல, சந்து பொந்துலன்னு சொன்னாரே, ஒண்ணும் விடாம. எனக்கு ஒரு நகல் வேணும். லேப்ல கொடுக்கணும்."

மேனேஜர் எழுதினான். கை நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் எப்படி நடுங்குமோ அப்படியே. அழகான கையெழுத்து கோணிக்கொண்டு போனது. 'ஒரு கீறல்கூட' என்கிற இடத்தில் நிறுத்தினான். அக்கா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதினான். அவளுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் எந்த முயற்சியும் செய்யவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரியவர், "பத்து வருஷம் ஓட்டினவளுக்கு ஒண்ணும் கிடையாதாமே" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கவுண்டர் பெண் நகல் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தாள், "சாரி மேடம், அன்னிக்கு நான் தெரியாம..." என்று இழுத்தாள். "தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான்மா சொல்லுவாங்க" என்று அக்கா அதை வாங்கி இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே தூறல் விட்டிருந்தது. தம்பி பின்சீட்டில் ஏறிக்கொண்டான். அக்கா வண்டியைச் சுற்றிவந்து கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைப் போட்டபோது, இடப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சட்டை வந்து நின்றது. மேனேஜர். கதவுப் பிடியில் கை வைத்திருந்தான். புது வண்டி அவன் வீட்டு வாசலில் நின்றது, ஓட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். பத்து வருஷமும் எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் இந்தக் கதவுப் பக்கம்தான் வந்து நின்று பழக்கம், கால் தானாக வந்துவிட்டது. வந்து நின்ற பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே" என்றான்.

அக்கா கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை வாங்க, போங்க, சாப்பிடுங்க என்று தவிர அவள் வாய் கூப்பிட்டதில்லை.

"இந்த வண்டியை ஓட்டறது யாருன்னு எழுதிக் கொடுத்துட்டல்ல?" என்றாள். "இதுல யாரை ஏத்தணும்னு இனிமே அவதான் சொல்லுவா. நீ போ."

கியரைப் போட்டாள். அவன் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.